கத்தியிடம் ‘எந்த ஊர்?’ என்று கேட்பது

மலையகத்தில ஒருத்தரைப் புதுசா சந்திச்சா முதல்ல வர்ற கேள்வி பேர் இல்ல. “எந்தத் தோட்டம்?” அடுத்தது “எந்த டிவிசன்?” அதுக்குப் பிறகுதான் பேர், அப்பா பேர், யார் வீட்டுப் பிள்ளை எல்லாம். ஹாலிஎல பஸ் தரிப்பிடத்தில நின்னு பேசினாலும் இப்படித்தான். இதே கேள்வி கெம்பஸில வேற தொனியில வரும். “நீங்க எந்த ஊர்?” பதுளைப் பக்கம், ஹாலிஎல என்று சொல்லுவோம். “இல்ல, அதுக்கு முந்தி?” அந்த ‘அதுக்கு முந்தி’க்குப் பதில் சொல்லத் தொடங்கினா இருநூறு வருஷம் பின்னால போகணும்.

கொஞ்ச நாளா நாங்க இந்தக் கேள்வியை மனிதர்களிடம் கேட்காம பொருட்களிடம் கேட்டுப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். குறிப்பா கத்தி, வாள் மாதிரி ஆயுதங்களிடம். ஒரு பழைய கத்தி எந்த நாட்டில பிறந்தது, எப்படிக் கை மாறினது என்று கண்டுபிடிக்கிறது உலகம் முழுக்க ஒரு பெரிய வேலையா நடக்குது. நூதனசாலைகள் செய்யுது, ஏலக்காரர்கள் செய்றாங்க, சேகரிப்பாளர்கள் ராத்திரி பகலா சண்டை போட்டுச் செய்றாங்க. அதைப் படிக்கப் படிக்க எங்களுக்கு ஒரு விஷயம் உறுதியாச்சு. ‘மூலம்’ என்ற சொல்லை நாம மிக அலட்சியமாப் பாவிக்கிறோம். ஒரு கத்திக்கே ஒரே ஒரு ஊர் கிடையாது. அப்படி இருக்க, மனிதனுக்கு மட்டும் ஒரே ஊர் காட்டச் சொல்றது என்ன நியாயம்?

வளைஞ்சதெல்லாம் அரபுக் கத்தி இல்ல

பழைய துரை பங்களா ஒன்றின் சுவரில வளைஞ்ச கத்தி ஒன்று உறையோட தொங்குது என்று வைத்துக்கொள்ளுங்க. பித்தளை வேலைப்பாடு, கொஞ்சம் வெள்ளி, கைப்பிடி எலும்பு மாதிரி. பார்க்கிற பத்துப் பேரில ஒன்பது பேர் “அரபுக் கத்தி” என்று சொல்லிட்டுப் போயிடுவாங்க. கொஞ்சம் கதை தெரிஞ்சவர் இன்னும் ஒரு படி போவார்: “அது ஒராபி பாஷாவோட கத்தியா இருக்கும்.”

அந்தக் கதைக்கு ஆதாரம் இல்லாட்டியும் காரணம் இருக்கு. எகிப்தில ஆங்கிலேயருக்கு எதிரா எழுந்த அஹ்மத் ஒராபி பாஷாவை 1883 இல் இலங்கைக்கு நாடு கடத்தினாங்க. 1901 வரைக்கும் அவர் இங்கேதான் இருந்தார், முதல்ல கொழும்பு, பிறகு கண்டி. கண்டியில அவர் இருந்த வீடு இன்றைக்கு அவர் பேரிலேயே நூதனசாலை. ஆக, வட ஆப்பிரிக்கா நமக்கு அவ்வளவு தூரத்து ஊர் இல்ல.

ஆனா கத்தியை அடையாளம் காண்றவங்க முதல்ல கதையை ஒதுக்கி வைப்பாங்க. பொருளைத்தான் பார்ப்பாங்க. யேமன்காரர்களோட ஜம்பியாவும் வளைஞ்சது, மொரோக்கோவோட கும்மியாவும் வளைஞ்சது. தூரத்தில இரண்டும் ஒன்றுதான். கிட்டப் போனா வித்தியாசம் தெரியும். ஜம்பியாவில தகட்டின் நடுவில ஒரு முதுகெலும்பு மாதிரி தடிப்பு ஓடும். இடுப்புப் பட்டியில, வயிற்றுக்கு நேரா நிமிர்த்திச் செருகுவாங்க. கும்மியா அப்படி இல்ல. தகடு கைப்பிடிப் பக்கம் நேராப் போய், பாதியில இருந்துதான் வளையும். அந்த வளைஞ்ச பாதியில மட்டும் இரண்டு பக்கமும் கூர். கைப்பிடியின் தலை மயில் தோகை விரிச்ச மாதிரி அகலமா இருக்கும். உறையின் வாயில இரண்டு காது, காதுக்கு ஒரு வளையம். அந்த வளையங்களில கயிறு கோத்துத் தோளில போட்டு, இடப் பக்கம் தொங்க விடுவாங்க. ஆக, உறையில இருக்கிற இரண்டு வளையமே ‘நான் மொரோக்கோ’ என்று சொல்லிடும்.

இன்னும் கிட்டப் போனா கதை சிக்கலாகும். அதே மொரோக்கோவில ‘ஜெனுய்’ என்று நேரான கத்தி ஒன்று உண்டு. அந்தப் பேரே இத்தாலியின் ஜெனோவா நகரத்தில இருந்து வந்தது. வட ஆப்பிரிக்க மலைவாசி இடுப்பில ஐரோப்பாவில அடிச்ச தகடு இருந்தது சர்வசாதாரணம். தகடு ஒரு ஊர், கைப்பிடி ஒரு ஊர், உறை இன்னொரு ஊர், கட்டினவன் வேற ஊர். இப்ப ‘மூலம்’ எது?

பேர் வைக்கிறவரும் கதையை மாத்திப் போடலாம். மொரோக்கோவில ‘ஸ்பூலா’ என்று ஒரு ஆயுதம் உண்டு, கைப்பிடி ஆங்கில ‘எச்’ எழுத்து மாதிரி இருக்கும். 19ஆம் நூற்றாண்டில ஆயுதங்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதின ஓகுஸ்ட் டெமின் இதை ‘சான்சிபார்’ வாள் என்று குறித்தார். ரிச்சர்ட் பர்ட்டன் 1884 இல் வாளைப் பற்றி எழுதின புத்தகத்திலயும் அதே அடையாளம் வந்தது. பிறகு எழுதினவங்களும் அதை அப்படியே எடுத்தாங்க. அது சான்சிபார் இல்ல, மொரோக்கோ என்று பிரெஞ்சுக்காரரான ஷார்ல் புட்டின் 1933 இல் திருத்தினார். சான்சிபார் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைத் தீவு, மொரோக்கோ வடமேற்கு மூலை. ஒரு கண்டத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உள்ள தூரத்தை ஒரு துண்டுச் சீட்டு அழிச்சிட்டுது. அதைத் திருத்த அரை நூற்றாண்டுக்கு மேல போச்சு. கத்தி பேசாது. சீட்டை எழுதினவர் சொன்னதுதான் அதுக்கு ஊர்.

ஊவாவுக்கு எல்லாம் வந்து சேர்ந்தது

‘மலை உச்சியில இருக்கிற பதுளைக்கு வெளியுலகம் எப்படி வரும்’ என்று நினைக்கிறவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 1900 இல் இருந்து தியத்தலாவயில ஏறத்தாழ 5,000 போயர் கைதிகளைத் தென்னாப்பிரிக்காவில இருந்து கொண்டு வந்து அடைச்சு வைத்தாங்க. நேரம் போகாத கைதிகள் மரத்திலயும் எலும்பிலயும் சின்னச் சின்னக் கைவேலை செய்து விற்றாங்க. 1924 இல் ரயில் பதுளை வரைக்கும் வந்தது, ஹாலிஎலதான் அதுக்கு முந்தின நிலையம். 1942 இல், லிபியாவில சண்டை போட்ட அவுஸ்திரேலியப் படைப்பிரிவுகள் ஊருக்குத் திரும்புற வழியில சில மாதம் இலங்கையில நிறுத்தப்பட்டன. துரைமார் கப்பல் ஏறினா சூயஸ் கால்வாய், போர்ட் சயிட் வழிதான். அங்கே கப்பலில ஏறி இறங்கிறவங்களுக்கு ஞாபகப் பொருள் விற்கிறதே ஒரு தொழில். 1970களில தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரைமார் போயிட்டாங்க. அவங்க சாமான்களில கொஞ்சம் இங்கேயே தங்கிப் போச்சு.

ஆக, ஒரு மொரோக்கோ கத்தி ஊவாவில கிடைச்சா அது அதிசயம் இல்ல. ஆனா அது எந்த வழியா வந்தது என்று எழுதி வைக்காட்டி, அது ஒராபி பாஷாவோடது ஆகும், இல்லாட்டி கண்டி ராசாவோடது ஆகும். பொருள் தனியா நின்னா பெரிய மனுசன் பேர்தான் ஒட்டும். அதைத் துடைச்சு வைத்த பங்களா வேலையாள் பேர் ஒட்டாது.

கொடியில இருக்கிற வாள்

இந்த விஷயம் நம்ம நாட்டிலயே மிகப் பெரிசா நடந்தது 2023 இல். அந்த வருஷம் நெதர்லாந்து அரசாங்கம் ஆறு பொருட்களை இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. தங்க வேலைப்பாடு உள்ள கஸ்தானே வாள் ஒன்று, வெள்ளிக் கஸ்தானே ஒன்று, சிங்களக் கத்தி ஒன்று, இரண்டு பெரிய துவக்கு, பிறகு எல்லாரும் போட்டோவில பார்த்த அந்தச் சின்னப் பீரங்கி. ஆகஸ்டில கைச்சாத்து நடந்தது, வருஷக் கடைசியில பொருட்கள் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு வந்து சேர்ந்தன.

அவை அங்கே போனது எப்படி? 1765 இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக் படையோட கண்டிக்குள்ள புகுந்தார். ராசா கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அரண்மனையை விட்டு வெளியேறியிருந்தார். அரண்மனையைக் கொள்ளையடிச்சாங்க. அந்தச் சாமான்களில சில ஒல்லாந்து இளவரசரோட சேகரிப்புக்குப் போய், கடைசியில அம்ஸ்டர்டாம் ரைக்ஸ் நூதனசாலையில நின்றன. 2019 தொடக்கம் 2022 வரைக்கும் நடந்த ஆய்வில, கம்பனிக் கடிதங்கள், பழைய இருப்புப் பட்டியல்கள், பொருட்களில இருக்கிற குறிகள் எல்லாத்தையும் ஒன்றோட ஒன்று ஒப்பிட்டாங்க. இலங்கை ஆய்வாளர்களும் அதில சேர்ந்து வேலை செய்தாங்க. பீரங்கியில இருக்கிற சிங்கள எழுத்து, லெவ்கே திசாவ அதை ராசாவுக்குக் கொடுத்த கதையைச் சொல்லுது. ‘பரிசாக் கிடைச்சது’, ‘வாங்கினது’ என்ற சொற்கள் போய் ‘கொள்ளையடிச்சது’ என்ற சொல் அதிகாரபூர்வமா வந்தது. இலங்கை 1980 லேயே கேட்ட பொருட்கள்தான் இவை. நாற்பது வருஷம் கழிச்சுத்தான் கிடைச்சது. அதுவும் வழியைத் துண்டு துண்டா நிரூபிச்ச பிறகு.

இது நல்ல செய்தி. நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஆனா அந்த நேரம் ஃபேஸ்புக்கில பறந்த பதிவுகளைப் பார்த்தா, ‘எங்க இனத்தின் சொத்து எங்களுக்கே வந்தது’ என்ற ஒரே பாட்டு. அங்கேதான் எங்களுக்குச் சில விஷயம் சொல்லணும்.

முதலாவது, கஸ்தானே. தேசியக் கொடியில சிங்கத்தின் கையில இருக்கிற வாள் அதுதான் என்று சொல்வாங்க. கைப்பிடியில சிங்கத் தலையும் மகரமும் செதுக்கினது சத்தியமா இந்த மண்ணின் கைவேலை. ஆனா உறையில இருந்து உருவிப் பார்த்தா, நிறையக் கஸ்தானேகளின் தகடு ஐரோப்பாவில அடிச்சது. சிலதில வி.ஓ.சி. என்றே குறி இருக்கும். நம்ம கப்பலோட்டிய வ.உ.சி. இல்ல, ஒல்லாந்து கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை. இன்னும் ஒன்று. மொரோக்கோ, அல்ஜீரியா பக்கத்து ‘நிம்சா’ வாளையும் கஸ்தானேயையும் பக்கத்தில வைத்தா, கைப்பிடிக் காப்பு கீழே வளைஞ்சு இறங்குற விதம் பார்க்கிறவரைத் திடுக்கிட வைக்கும். அரபுக் கப்பலா, போர்த்துக்கீசரா, இத்தாலிய வாளா, யார் வழியா அந்த வடிவம் பயணம் செய்தது என்று ஆயுத ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுறாங்க. கொடியில பறக்கிற வாளுக்கே மூன்று நாலு கடல் கடந்த சொந்தக்காரர் இருக்காங்க. அது அந்த வாளுக்குக் குறை இல்ல, பெருமை.

இரண்டாவது, ராசா. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் நாயக்கர் வம்சம். மதுரைப் பக்கத்தில இருந்து வந்த குடும்பம். அந்த வம்சத்தின் கடைசி ராசா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்று பிறந்தவர், 1832 இல் வேலூரில சிறையிருந்தபடியே செத்தார். ஆக, கொள்ளை போன பொருட்கள் சிங்களப் பிரதானி கொடுத்தது, நாயக்கர் ராசா வைத்திருந்தது, ஒல்லாந்தர் எடுத்தது. ‘யாரோட சொத்து’ என்று ஒற்றைச் சொல்லில பதில் சொல்ல முடியுமா?

மூன்றாவது, இந்தக் கைவேலையைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரியக் காரணமான ஆள். கண்டியக் கைவினைகளை ஊர் ஊராப் போய்ப் பதிஞ்சு 1908 இல் பெரிய புத்தகமாக் கொண்டு வந்தவர் ஆனந்த குமாரசுவாமி. தமிழ் அப்பாவுக்கும் ஆங்கிலேய அம்மாவுக்கும் பிறந்தவர். தென்னிந்தியாவில இருந்து வந்து கண்டியக் கைவினைக்குள்ள கலந்த குடும்பங்களையும் அவர் எழுதி வைத்திருக்கிறார்.

இதையெல்லாம் சொல்றது ‘அது உங்களோடது இல்ல, எங்களோடது’ என்று வாளைப் பிடுங்க இல்ல. வந்த பாதை முழுக்கத் தெரிஞ்சா அந்தப் பொருள் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் சொந்தமாகும். பாதையை வெட்டினாத்தான் ஒருத்தருக்கு மட்டும் சொந்தமாகும்.

ஊவாவின் சொந்தக் கதையும் அப்படித்தான். 1818 ஊவா வெல்லஸ்ஸ எழுச்சியை எடுங்க. ஆங்கிலேயர் அடக்க அனுப்பின கெப்பெட்டிபொலவே எழுச்சிக்காரர் பக்கம் சேர்ந்தார். அந்த எழுச்சியில ராசாவாக நின்ற வில்பாவே, தன்னைத் துரைசாமி என்ற நாயக்கர் வாரிசு என்று சொல்லித்தான் மக்களைத் திரட்டினார். சிங்களக் கிராமங்கள் ஒரு நாயக்கர் பேருக்குப் பின்னால எழுந்திருக்கு. கெப்பெட்டிபொலவைத் தலை வெட்டின பிறகு மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டு போனாங்க. 1954 இல்தான் அது திரும்பி வந்தது. மனித எலும்பும் நூதனசாலைப் பொருளாகி, சீட்டு ஒட்டப்பட்டு, கடல் கடந்து போய், வந்த ஊர் இது.

மனிதனுக்கு ஒட்டின சீட்டு

இப்ப நம்ம பக்கம்.

1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில பிறந்தா மட்டும் போதாது. அப்பா இங்கே பிறந்திருக்கணும், இல்லாட்டித் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கணும். பிறப்புப் பதிவு ஒழுங்கா இல்லாத லயத்து மக்களிடம் போய் மூன்று தலைமுறைக்குக் கடதாசி கேட்டாங்க. பழைய பொருள் ஒன்றை ஏலத்துக்கு எடுக்கும்போது ‘இதுக்கு முந்தி யாரிடம் இருந்தது, அதுக்கு முந்தி யாரிடம்’ என்று கேட்கிற அதே கேள்வி. ஒரே வித்தியாசம், கத்தி பதில் சொல்லாட்டி விலை குறையும். மனிதன் பதில் சொல்லாட்டி நாடு இல்லாமப் போகும். 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று கணக்குப் போட்டாங்க. இருப்புப் பட்டியல் மாதிரியே. மிச்சக் கணக்கைத் தீர்க்க 2003 சட்டம் வரைக்கும் போக வேண்டியதாச்சு.

இதுக்கெல்லாம் முந்தியே நம்ம ஆட்கள் கழுத்தில தகரத் துண்டு தொங்கியிருக்கு. தோட்டத்தையும் ஆளையும் குறிக்கிற எழுத்தும் இலக்கமும் குத்தின சின்னத் தகரம். கப்பலில ஏறும்போது போட்டது. நூதனசாலைகளில பொருட்களுக்கு இலக்கம் கட்டுவாங்களே, அதேதான். ஆனா நூதனசாலையில இலக்கம் கட்டினா அந்தப் பொருளை யாரும் தொலைக்க மாட்டாங்க. நம்மைத் தொலைச்சாங்க.

பீரங்கி திரும்பி வந்த அதே 2023 இல் இன்னொரு வருகையும் நடந்தது. மலையகம் 200 என்று தலைமன்னாரில இருந்து மாத்தளை வரைக்கும் நம்ம ஆட்கள் நடந்தாங்க, முன்னோர் நடந்த பாதையில. ஜூலைக் கடைசியில தொடங்கி ஓகஸ்ட் நடுப்பகுதிக்குள்ள முடிஞ்சது. ஒரே வருஷத்தில, ஒரே நாட்டில, ஒரு பொருளின் பாதையை நிரூபிக்க ஐரோப்பாவில ஆய்வுக்குழு வேலை செய்தது. ஒரு சமூகத்தின் பாதையை நிரூபிக்க அந்தச் சமூகமே கால் நோக நடந்தது. இரண்டையும் பக்கத்தில வைத்து எழுதின பத்திரிகைக் கட்டுரை ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை.

1815க்குப் பிறகு என்ன இருக்கு?

1940 இல் தொல்பொருள் கட்டளைச் சட்டம் எழுதினபோது, ‘தொல்பொருள்’ என்றா 1815 மார்ச் 2க்கு முந்தினது என்று கோடு போட்டாங்க. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். நாம வந்தது 1820களில. கணக்குப் பார்த்தீங்களா? நம்ம சமூகம் கொண்டு வந்த, செய்த, பாவிச்ச ஒவ்வொரு பொருளும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். நம்மைக் குறி வைத்து அந்தத் திகதி போட்டாங்க என்று நாங்க சொல்லல. ஆனா அதுக்குப் பின்னால இருக்கிற மனசு இன்னும் ஓடுது. ராசா வைத்திருந்தா தொல்பொருள், கூலிக்காரர் வைத்திருந்தா பழைய இரும்பு.

பழைய இரும்பு என்றது சும்மா உவமைக்கு இல்ல. லயத்துப் பக்கம் வாரத்துக்கு ஒரு தரம் ஒலிபெருக்கி கட்டின ஆட்டோ வருது. பித்தளை, செம்பு, இரும்பு, பழைய பெற்றரி. அதில போறது என்ன தெரியுமா? தாத்தாவோட கவ்வாத்துக் கத்தி. சொரண்டி. முள்ளு. அடி தேஞ்ச பித்தளைச் செம்பு. கிலோ கணக்கில போடுறாங்க.

கவ்வாத்துக் கத்தியை ஒரு தரம் கையில எடுத்துப் பாருங்க. கும்மியாவைப் பார்க்கிற அதே கண்ணால பாருங்க. தகடு எங்க இருந்து? சிலது வெளிநாட்டு முத்திரையோட தோட்டம் கொடுத்தது. சிலது பட்டறையில லொறி வில்லுத் தகட்டை அடிச்சு எடுத்தது. பிடி என்ன மரம்? எந்தப் பக்கம் தேஞ்சிருக்கு? வலக்கைக்காரரா, இடக்கைக்காரரா? தீட்டித் தீட்டித் தகடு எவ்வளவு ஒடுங்கியிருக்கு? அந்த ஒடுக்கத்தில எத்தனை கவ்வாத்து வருஷம் இருக்கு? அதை எந்தக் கல்லுக்கு முன்னால வைத்து, கவ்வாத்துச் சாமிக்குத் தேங்காய் உடைச்சு வேலை தொடங்கினாங்க? இதுக்கெல்லாம் பதில் சொல்லக்கூடிய ஆள் இப்ப எழுபது எண்பது வயசில திண்ணையில உட்கார்ந்திருக்கார். அவர் போயிட்டா அந்தக் கத்தியும் சீட்டில்லாத கத்திதான்.

முனியாண்டி கோயிலில நட்டு வைத்த அரிவாளும் அப்படித்தான். சிலர் அது சிவகங்கைப் பக்கம் திருப்பாச்சேத்தியில இருந்து வந்த அரிவாள் என்று சொல்லுவாங்க. வந்திருக்கலாம். பக்கத்து டிவிசன் ஆசாரி அடிச்சதாகவும் இருக்கலாம். எது என்று தெரிஞ்சா ஒரு குடும்பம் வந்த வழி தெரியும். காமன் கூத்து, பொன்னர் சங்கர் ஆடும்போது பிடிச்ச மரவாள்கூட யாரோ ஒருத்தர் செதுக்கினதுதான். அவருக்குப் பேர் இருந்தது.

மண்சரிவு வந்தா கதை இன்னும் மோசம். 2014 ஒக்டோபர் 29 காலையில கொஸ்லந்தை மீரியபெத்தயில மலை இறங்கினபோது லயங்கள் அப்படியே மண்ணுக்குள்ள போச்சு. முதல்ல போனது உயிர்கள், அதுக்கு ஈடு கிடையாது. அதோட சேர்ந்து பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் போட்டோ, தாத்தா பாட்டி விட்டுப் போன சாமான் எல்லாம் போச்சு. ஊவாவில மழைக்காலம் என்றது நம்ம ஆவணக்காப்பகத்துக்குத் தீ வைக்கிற காலம் மாதிரி.

“சோத்துக்கே வழியில்ல, கத்தி எதுக்கு?”

இந்தக் கேள்வி வரும். வரணும். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கே வருஷக்கணக்கில் றோட்டில நின்ற ஜனம். ஏழு பேர்ச் காணி இன்னும் எல்லாருக்கும் கிடைக்கல. இதில கவ்வாத்துக் கத்தியைப் போட்டோ எடுத்து என்ன கிடைக்கும்?

இன்னொரு கேள்வியும் வரும், அது இன்னும் கூரானது. “அது நம்மளை அடிமையா வைத்திருந்த காலத்துச் சாமான். அதை ஏன் கண்ணாடிப் பெட்டியில வைக்கணும்? போய்த் தொலையட்டும்.” வயசான சிலர் அந்தக் கத்தியைப் பார்க்கவே விரும்ப மாட்டாங்க. அந்தக் கோபத்தை நாங்க மதிக்கிறோம்.

ஆனா பாருங்க. காணி கேட்கும்போது அரசாங்கம் கேட்கிறது என்ன? எத்தனை தலைமுறையா இங்க இருக்கீங்க, காட்டுங்க. ஒல்லாந்து ஆறு பொருளைக் கொடுத்தது நம்ம நாட்டு மேல இருந்த பாசத்தாலயா? இல்ல. எந்த வருஷம், எந்தப் படை, எந்த அரண்மனை என்று மறுக்க முடியாதபடி வரிசையா அடுக்கி வைத்ததால. பாதையை எழுதி வைத்தவன்தான் திருப்பிக் கேட்க முடியும். கொடுமையின் சாமானைத் தொலைச்சா கொடுமைக்கான சாட்சியும் தொலையும். பிறகு பாடப்புத்தகத்தில தேயிலை தானா முளைச்ச மாதிரி எழுதுவாங்க. கண்டி ஹந்தானையில தேயிலை நூதனசாலை இருக்கு, இயந்திரங்களையும் பெரிய துரைமாரையும் நல்லாவே ஞாபகம் வைத்திருக்காங்க. தொழிலாளர் பக்கத்துக் கதைக்குக் கம்பளையில, பழைய லயத்திலேயே ஒரு நூதனசாலை இருக்கு. போகாதவங்க ஒரு தரம் போங்க. ஊவாத் தோட்டங்களுக்கும் அப்படி ஒன்று வேணும் என்றதுதான் எங்கள் நிலைப்பாடு. கட்டடம் வர்ற நாள் வரட்டும். அதுக்கு முந்திச் செய்யக்கூடியது கையிலேயே இருக்கு.

வீட்டில இருக்கிற பழைய சாமான் ஒன்றை எடுங்க. பக்கத்தில அடிமட்டம் வைத்து இரண்டு பக்கமும் போட்டோ எடுங்க. முத்திரை, எழுத்து, கீறல் இருந்தா அதைக் கிட்டவா எடுங்க. துருப் பிடிச்சிருக்கு என்று மணல் தாள் போட்டுத் தேய்க்காதீங்க, தேய்ச்சா எழுத்து போயிடும். யார் பாவிச்சது, எந்தத் தோட்டம், எந்த மலை, யாரிடம் இருந்து வந்தது என்று அப்பாயியிடமோ தாத்தாவிடமோ கேட்டு, அவங்க குரலிலேயே ஃபோனில பதிஞ்சு வைங்க. அவங்க சொன்னதை ஒரு பக்கமும், நீங்களா நினைக்கிறதை இன்னொரு பக்கமும் தனியா எழுதுங்க. இரண்டும் கலந்ததாலதான் மொரோக்கோ வாள் சான்சிபார் வாளா ஆச்சு. ‘கண்டி ராசா கொடுத்தது’ என்று பெரிசாக் கதை கட்டத் தேவையில்ல. ‘ஸ்பிரிங்வெளியில கவ்வாத்து வெட்டினவர் வைத்திருந்தது’ என்று எழுதினாலே அது வரலாறு.

விற்க வேண்டிய நிலை வந்தா வில்லுங்க, அதில குற்றம் இல்ல. போட்டோவும் கதையும் வீட்டில தங்கினா போதும். பாடசாலைகளில வருஷத்துக்கு ஒரு நாள், கோயில் திருவிழாவில ஒரு மேசை, இது போதும் தொடங்குறதுக்கு. மாகாணத்தில இருக்கிற கலாசாரத் திணைக்களக்காரர்கள் ராச காலத்துக்குக் காட்டுற அக்கறையில கால்வாசி லயத்துப் பக்கம் காட்டினா நாங்க நன்றி சொல்லுவோம். காட்டாட்டியும் நாங்க எழுதுவோம்.

‘எந்த ஊர்?’ என்ற கேள்வி கெட்ட கேள்வி இல்ல. தெரிஞ்சுகொள்ளக் கேட்டா அது நல்ல கேள்வி, வெளியே தள்ளக் கேட்டா அது வேற. ஒரு வாளுக்கு ஐரோப்பியத் தகடு, கண்டியக் கைப்பிடி, வட ஆப்பிரிக்கச் சாயல் எல்லாம் இருந்தும் அது இலங்கை வாள்தான் என்று இந்த நாடு சந்தேகம் இல்லாமல் ஏற்றுக்கொள்ளுது. அந்தத் தாராளத்தை மனிதர்களுக்கும் நீட்டச் சொல்லித்தான் நாங்க கேட்கிறோம். அது வரைக்கும், அடுத்த தரம் ஆட்டோ ஒலிபெருக்கி லயத்துப் பக்கம் கேட்டா, சாக்கில போட்டு வைத்ததை ஒரு தரம் வெளியே எடுத்துப் பாருங்க. யாரோட கை தேய்ச்ச பிடி அது என்று கேட்ட பிறகு தராசில வைங்க.